பதினாறு வயது காருக்கு இன்னும் 4,200 வெள்ளி போடலாமா?

வாசகர் கேள்வி

எங்கள் கார் 2010இல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.6. 2020 ஜூனில் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தோம். அப்போது ஏறக்குறைய 32,000 வெள்ளி ஆனது. வண்டி 260,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கணவருக்குச் சாங்கியில் சரக்குக் கிடங்கு வேலை. விடிகாலை 4.30க்கு அங்கே இருக்க வேண்டும். நாங்கள் இருப்பது உட்லண்ட்ஸில். மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், சக்கர நாற்காலியோடு கூட்டிப் போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். எனக்குப் பகுதிநேர வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 5,200 வெள்ளி.

கடந்த ஓராண்டில் காருக்கு 2,800 வெள்ளி போய்விட்டது. ஏர்கான் கேஸ் மட்டும் இரண்டு தடவை நிரப்பினோம், இப்போது மறுபடியும் குளிர் இல்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிகிறது. ரேடியேட்டருக்கு மாதம் ஒருமுறை கணவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. பட்டறையில் கொடுத்த பட்டியல்: கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய 1,800, ஏர்கான் கம்ப்ரஸரும் கூலிங் காயிலும் 1,100, அதிர்வைத் தாங்கும் அப்சார்பர் நான்கு 700, எஞ்சின் மவுண்ட் 400, எண்ணெய்க் கசிவு 200. மொத்தம் 4,200 வெள்ளி.

பழைய கார் வியாபாரி ஒருவர் இப்படியே 24,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். விற்றுவிட்டுக் கடனில் புதிய மின்சாரக் கார் வாங்கச் சொல்கிறார் கொழுந்தனார். மகள் பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிடச் சொல்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் வாசகி

பதில்

அன்புள்ள சகோதரி,

வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்தப் பட்டியலுக்கு இப்போதே சரி சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நடுக்கமோ எண்ணெய்க் கசிவோ கிடையாது. பிரச்சினை இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய தண்ணீர்தான்.

ரேடியேட்டரும் எஞ்சினும் சேர்ந்தது மூடிய அமைப்பு. நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு மாதாமாதம் எதுவும் ஊற்றத் தேவையே வராது. ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ வெளியே போகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளே போகிறது. ஊற்றுவது குழாய்த் தண்ணீர் என்றால் இன்னொரு கெடுதலும் சேர்கிறது. ரேடியேட்டரில் இருக்க வேண்டிய குளிர்விக்கும் திரவமான கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் அது நீர்த்துப்போகும். உங்கள் வண்டியின் எஞ்சின் அலுமினியம். உள்ளே அரிப்பு தொடங்கினால் வாட்டர் பம்ப், ரேடியேட்டர், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் எல்லாம் வரிசையாகப் போகும்.

பட்டறைக்கு வரும் பழைய கார்களில் ஓடி ஓடித் தேய்ந்து செத்தவை குறைவு. சூடேறிச் செத்தவைதான் அதிகம். ஐம்பது வெள்ளி ரப்பர் குழாய் ஒன்று விரைவுச்சாலையில் வெடிக்கிறது. ஓட்டுபவர் அடுத்த வெளிவழி வரை போய்விடலாம் என்று நினைக்கிறார். அந்த இரண்டு கிலோமீட்டரில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடுகிறது. கூலன்ட் முழுவதும் போய்விட்டால் வெப்பநிலை முள்ளையும் நம்ப முடியாது, ஏனென்றால் சென்சார் நீரில் இல்லாமல் காற்றில் நிற்கும். உங்கள் கணவர் விடியுமுன் விரைவுச்சாலையில் தனியாகப் போகிறவர். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முள் வழக்கத்துக்கு மேல் ஏறினாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும், ஏர்கானை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விரைவுச்சாலையில் நின்ற வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் பக்கத்தில் குறிக்கப்பட்ட கார்நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துப் போகும். இழுவைக் கட்டணத்துக்குப் பயந்து யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை.

ஆகவே இந்த வாரமே பட்டறையில் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். முதலாவது பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் சிறு பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்தால் கசியும் இடம் தெரிந்துவிடும். ரேடியேட்டரின் மேல், கீழ்ப் பகுதிகள் பிளாஸ்டிக், வயதானால் அவற்றில் மயிரிழை விரிசல் விழும். வாட்டர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த பொடி ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான், டொயோட்டா கூலன்டின் நிறம் அது. இரண்டாவது, கூலன்டில் எஞ்சின் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ரசாயனச் சோதனை. நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். மாறாவிட்டால் நிம்மதி. ரேடியேட்டர், குழாய்கள், தெர்மோஸ்டாட், மூடி, தேவைப்பட்டால் வாட்டர் பம்ப் என்று ஒரே தடவையில் மாற்றிப் புதுக் கூலன்ட் நிரப்பிவிடலாம். என் கணிப்பில் 600 வெள்ளியை ஒட்டி வரும். உங்கள் பட்டியலில் இது இல்லவே இல்லை. பட்டறைக்காரர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

சரி, இப்போது பட்டியல்.

கியர்பாக்ஸ் 1,800 வேண்டாம். உங்கள் காரில் இருப்பது பழைய பாணி நான்கு வேக ஆட்டோமேட்டிக், உழைப்பாளி. கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராமல் நழுவுகிறதா? ‘டி’ கியரில் போட்டதும் வெகுநேரம் கழித்து இடித்துக்கொண்டு பிடிக்கிறதா? கியர் எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறதா? இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் அதைப் பிரிக்கக் காரணமே இல்லை. எண்ணெயை வடித்துவிட்டு டொயோட்டா சொல்லும் வகை எண்ணெயை நிரப்பினால் போதும், 150 வெள்ளிக்குள் முடியும். மெஷின் வைத்து அழுத்தமாகக் கழுவித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

சிவப்பு விளக்கில் வரும் நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட். ரப்பர் இறுகிக் கிழிந்தால் எஞ்சினின் அதிர்வு அப்படியே இருக்கைக்கு வரும். ஆனால் மவுண்ட் மாற்றுவதற்கு முன்பு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் பாடி ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சுத்தம் செய்ததுமே பாதி நடுக்கம் போய்விடும். எண்ணெய்க் கசிவை மட்டும் மவுண்டுக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். சொட்டும் எண்ணெயில் ஊறினால் புது ரப்பரும் சீக்கிரம் கெடும். இந்த இரண்டும் சேர்ந்து 600 வெள்ளி என்று பட்டறை கேட்டது நியாயமான விலைதான்.

ஏர்கானில் இரண்டு தடவை கேஸ் நிரப்பிய பணம் காற்றோடு போயிற்று. கேஸ் தீரும் பொருள் கிடையாது, கசிந்தால்தான் குறையும். சாயம் கலந்து கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றினால் போதும், 450 வெள்ளியை ஒட்டி ஆகலாம். கம்ப்ரஸர் சத்தமில்லாமல் ஓடினால் அதைத் தொட வேண்டாம். டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வரும் பெரியவருக்கு நம் ஊர் வெயிலில் ஏர்கான் ஆடம்பரம் அல்ல, அதனால் இதைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

அப்சார்பர் நான்கையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. எது எண்ணெய் கசிகிறதோ அந்த அச்சின் இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். அப்போதே சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்சார்பரைவிட அது ஆபத்து.

எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரும். சிஓஇயில் மிச்சமிருக்கும் 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 45 வெள்ளி.

இனி விற்பதா வைப்பதா என்பதைப் பார்க்கலாம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2020இல் கட்டியது 32,000தானே, ஆண்டுக்கு 3,200தானே என்று மனம் கணக்குப் போடும். அது போன பணம். இன்று உங்கள் கையில் இருப்பது 24,000 வெள்ளிக்கு விலைபோகும் பொருள். வியாபாரி அந்த விலையைத் தகரத்துக்குத் தரவில்லை. 2025 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 128,000 வெள்ளியைத் தாண்டியது. அப்படிப்பட்ட சந்தையில் மிச்சமிருக்கும் நான்கு ஆண்டு உரிமைக்குத்தான் அந்த விலை. 2030 ஜூனில் அது பூஜ்யமாகிவிடும். ஆக, இந்தக் காரை வைத்திருப்பதால் மாதம் 500 வெள்ளி கரைகிறது, உங்கள் வங்கிக் கணக்கில் தெரியாமலே கரைகிறது.

அதோடு மற்றவற்றைச் சேர்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கூரையுள்ள கார்நிறுத்துமிடம் 110. சாலை வரி உங்கள் எஞ்சினுக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி, 14 வயதைத் தாண்டியதால் 50 விழுக்காடு கூடுதல், ஆக 1,112, மாதத்துக்கு 93. காப்புறுதி ஏறத்தாழ 96, பெட்ரோல் 260 என்று வைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. பழுதுபார்க்க 200. எல்லாம் சேர்ந்து மாதம் 1,259.

கார் இல்லாவிட்டால்? கணவர் புறப்படும் நேரத்துக்கு ரயில் ஓடாது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடும். செயலியில் தனியார் வாடகைக் கார் அழைத்தாலும் உட்லண்ட்ஸிலிருந்து சாங்கிக்கு 30 வெள்ளி என்று வைத்தால் 22 நாளுக்கு 660. திரும்புவது ரயிலில். டயாலிசிஸுக்குப் போக வர மாதம் 26 பயணம், பயணத்துக்கு 10 வெள்ளி என்றால் 260. மற்றப் போக்குவரத்துக்கு 150. மொத்தம் 1,070.

கார் வைத்திருப்பது மாதம் 190 வெள்ளி போலக் கூடுதல். பழைய கார்தான் மலிவு என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை. சிங்கப்பூரில் எந்தக் காரும் மலிவில்லை. ஆனால் அந்த 190 வெள்ளிக்கு உங்களுக்குக் கிடைப்பது என்னவென்று நீங்களே பாருங்கள். விடிகாலை 3.45க்கு வண்டி வருமா வராதா என்ற கவலை இல்லை. சக்கர நாற்காலியை மடித்து ஏற்றும்வரை முகம் சுளிக்காமல் காத்திருக்கும் வண்டி இருக்கிறது. மழைநாளில் செயலியில் விலை ஏறும் பயமும் இல்லை. உங்கள் வீட்டுக்கு அது தகும் என்று நான் நினைக்கிறேன். இதே காரை வார இறுதியில் தேக்காவுக்கும் பேரங்காடிக்கும் மட்டும் எடுக்கும் குடும்பம் கேட்டிருந்தால், இன்றைக்கே விற்றுவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

ஒரு நிபந்தனை. அந்த 200 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். கடந்த ஆண்டு 2,800 செலவானது மாதத்துக்கு 233தான், ஆனால் மொத்தமாக வந்ததால் வலித்தது. இப்போதைய வேலைகள் முடிந்தபிறகு, தொடர்ந்து ஆறு மாதச் சராசரி 400ஐத் தாண்டினால் விற்றுவிடுங்கள். அப்போது யோசித்துக்கொண்டே இருக்கக் கூடாது, தயங்கும் ஒவ்வொரு மாதமும் விலையில் 500 குறையும்.

கொழுந்தனார் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 160,000 வெள்ளிக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேருமுன் உள்ள இறக்குமதி விலை, 20,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும், மேலே போனால் 60 விழுக்காடுதான். தவணைக்காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டு. 70 விழுக்காடே கிடைத்தாலும் கையிலிருந்து 48,000 வேண்டும், பழைய காரை விற்ற பணம் அதில் பாதிதான். மீதி 112,000க்கு 2.5 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 1,567. அந்த 2.5 விழுக்காட்டை ஏழு ஆண்டும் முழு அசலின்மேல் போடுவார்கள், நீங்கள் அடைக்க அடைக்க அது குறையாது. எனவே உண்மையான வட்டி ஏறக்குறைய இரு மடங்கு. கைக்கு வரும் 5,200இல் இதைக் கட்டிவிட்டு நாலைந்து பேர் சாப்பிட வேண்டும். இதை அவரிடம் எண்களாகவே காட்டுங்கள், மனஸ்தாபம் வராது. இன்னொரு பழைய கார் வாங்குவதும் வேண்டாம். அதே சிஓஇக்கு அதே விலை கொடுத்து, வரலாறு தெரியாத வண்டியை வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். உங்கள் காரின் நோய் என்னவென்றாவது உங்களுக்குத் தெரியும்.

காப்புறுதியில், முழுக் காப்புறுதி தரும் நிறுவனம் இருக்கும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுசாக நாசமானால் பதிவை ரத்துசெய்து நிலப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து மிச்சமுள்ள சிஓஇக்கு இன்றைய நிலையில் 12,800 வெள்ளி திரும்பப் பெறலாம். சந்தை விலைக்கும் அதற்கும் இடையே 11,200 வித்தியாசம் இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால், தவறு உங்கள் பக்கம் இருக்கும் விபத்தில் அந்த 11,200 உங்கள் தலையில் விழும்.

பத்து வயதைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் வாகனச் சோதனை உண்டு, அது உங்களுக்கே தெரியும். அதில் தேறியதை வைத்து வண்டி ஆரோக்கியம் என்று எண்ண வேண்டாம். பிரேக், விளக்கு, டயர், புகை போன்றவற்றை அன்றைய நிலையில் பார்ப்பார்கள். கூலன்ட் குழாய் நாளை வெடிக்குமா என்று பார்க்க மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிய டயர் மழையில் வழுக்கும். இந்த ஒன்றில் மட்டும் பழைய சாமான் வாங்காதீர்கள், பிரேக்கிலும் அப்படித்தான். ஆல்டர்னேட்டர், கண்ணாடி, கதவுப் பூட்டு போன்றவை கழற்றிய வண்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால் பரவாயில்லை. அப்புறம், எஞ்சின் எண்ணெய்க் குச்சியை வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளில் மூத்தவருக்குக் கொடுங்கள்.

ஜோகூருக்குப் போய்ச் செய்தால் மலிவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். கூலி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கசிவுள்ள ரேடியேட்டரோடு கடற்பாலத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போவதுதான் இந்த வண்டிக்கு இருக்கும் பெரிய ஆபத்து. குளிரூட்டும் பகுதியை இங்கேயே முடியுங்கள். டயர், அப்சார்பர் போன்றவற்றுக்குப் பிறகு அங்கே போகலாம். முக்கால் தொட்டிப் பெட்ரோல் இல்லாமல் சோதனைச்சாவடிக்குப் போகக் கூடாது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் எடுத்திருக்க வேண்டும், 2025 ஜூலை முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம்.

மகளைப் பற்றி. அந்த வயதில் அது வரும், அவளைக் கோபிக்காதீர்கள். முகப்பு விளக்கின் மஞ்சள் படலத்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், சில பத்து வெள்ளிதான் ஆகும். விடிகாலையில் ஓட்டுபவருக்குச் சாலை தெரியும், காரும் ஐந்து வயது குறைந்ததுபோல் நிற்கும். கூரை பெயின்ட் உரிந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்குப் பணம் போட வேண்டாம். பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் நாளில் அவளையும் ஒருமுறை கூட உட்கார வையுங்கள்.

2030இல் மறுபடி புதுப்பிக்க முடியும், பத்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇக்கு அந்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அன்றைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டியிருக்கும், வண்டிக்கும் இருபது வயது ஆகியிருக்கும். அதற்குள் கணவருக்குப் பகல் ஷிப்ட் கிடைக்குமா என்று இப்போதிருந்தே கேட்டுவைப்பது பயன் தரும்.

ரசாயனச் சோதனையின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். திரவம் நீலமாகவே இருந்தால் மேலே சொன்னபடி செய்யலாம். மஞ்சளாகிவிட்டால் எஞ்சின் ஹெட்டைத் திறக்க வேண்டியிருக்கும், செலவு இரட்டிப்பாகும், என் கணக்கும் மாறும். அப்போது வியாபாரியிடம் உள்ளதைச் சொல்லி, அவர் என்ன விலை தருகிறார் என்று கேட்ட பிறகே எந்த வேலைக்கும் கையெழுத்துப் போடுங்கள்.